புல்தரையின் பற்று வரவு

சங்கக் கட்டடத்தின் முகப்பு கண்ணுக்கு இனியதாக இருக்க வேண்டும் என்று அங்கத்தினர்கள் விரும்புவது குற்றமன்று. தம் உழைப்பால் எழுந்த கட்டடத்தின் முன் நான்கு செடிகளும் சிறிது பசுமையும் இருந்தால் உள்ளம் மகிழ்வது இயல்பே. ஆயினும், எந்தப் பசுமை நம் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றது, எந்தப் பசுமை நம்மைக் கடனாளியாக்குவது என்று ஆராய்ந்து பார்ப்பது கூட்டுறவாளர் கடமையாகும். கைத்தறி நெசவாளரும் நிலத்தை நம்பி வாழ்வோரும் நிறைந்த தருமபுரி மாவட்டத்தில் இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று, குடிதண்ணீர்ப் பிரச்சினை. இம்மாதப் பாடத்தில் இதனை எடுத்துக்கொள்வோம்.

ஆய்வில் கண்டது

வத்தல்மலையின் அடிவாரத்தை அடுத்து ஒரு சங்கம் இருக்கிறது. அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. முதன்முறை அங்கு ஆய்வுக்குச் சென்றபோது மார்கழி மாதம். கட்டடத்தின் முன்னே ஏறத்தாழ நான்கு சென்ட் பரப்பில் புதிதாகப் புல்தரை அமைத்திருந்தார்கள். நாற்றுப் பண்ணைகளில் ‘கொரியன் புல்’ என்று விற்கப்படும் இனம் அது. பனித்துளி தங்கிய பச்சைப் பாயைப் போல அது விரிந்து கிடந்தது. கணக்குகளும் ஒழுங்காக இருந்தன. புறப்படுமுன் பார்வையாளர் குறிப்பேட்டில், ‘சங்க முகப்பு கண்ணுக்குக் குளிர்ச்சியாக உள்ளது, பிற சங்கங்களும் பின்பற்றத் தக்கது’ என்று எழுதிக் கையொப்பமிட்டு வந்தோம்.

அடுத்த முறை சென்றது சித்திரை மாதத்தில். செலவுச் சீட்டுகளைப் புரட்டுகையில், ‘சில்லறைச் செலவு’ என்னும் தலைப்பின் கீழ், டிராக்டர் தண்ணீர் வாங்கிய சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. சங்கத்தின் ஆழ்துளைக் கிணறு மாசி மாதமே வற்றிவிட்டதாம். இச்செலவுக்கு நிர்வாகக் குழுவின் ஒப்புதல் எங்கே என்று வினவினோம். செயலாளர் மறுமொழி கூறாமல் பார்வையாளர் குறிப்பேட்டை எடுத்து, நாம் எழுதிய பக்கத்தைத் திறந்து வைத்தார். ‘‘ஐயா அவர்களே பாராட்டி எழுதிய புல்லைக் காயவிட எங்களுக்கு மனம் வரவில்லை’’ என்றார்.

நாம் பேசிக்கொண்டிருக்கையிலேயே டிராக்டர் வந்து நின்றது. தெருவிலிருந்து பெண்கள் சிலர் குடங்களுடன் ஓடி வந்தார்கள். அவர்களுள் சங்க அங்கத்தினர் குடும்பத்தவரும் இருந்தனர். ஒரு மூதாட்டி ஓட்டுநரைப் பார்த்து, ‘‘புல்லுக்கு விடறதுக்கு முன்னாடி எங்களுக்கு ரெண்டு குடம் ஊத்து, கண்ணு’’ என்றார். அவர் குரலில் கோபம் இல்லை; குறை கூறும் தொனியும் இல்லை. புல் முதல், மனிதர் பிறகு என்ற வரிசையை ஏற்றுக்கொண்டவரைப் போல, அதில் ஒரு சிறு சலுகையை மட்டுமே அவர் கேட்டார். ஓட்டுநர் இரண்டிரண்டு குடம் ஊற்றினார். பிறகு குழாய் புல்லின் பக்கம் திரும்பியது.

அன்று நாம் வெட்கமுற்றோம். சங்கத்தார் செய்த பிழையில் பாதி நம்முடையது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளாமல் பசுமையைப் பாராட்டிய நம் கையெழுத்தே அச்செலவுக்குச் சான்றாக நின்றது.

ஒரு சென்ட் புல் எவ்வளவு குடிக்கும்?

பற்று வரவு எழுதத் தெரிந்தவர்க்கு இக்கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர் ஆகும். நம் பக்கத்துக் கோடை வெயிலில், பச்சையாகவே வைத்திருக்க வேண்டிய புல்தரை, இலை வழியாகவும் மண் வழியாகவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீரை ஆவியாக இழக்கிறது. அதாவது சதுர மீட்டருக்கு 5 லிட்டர். ஒரு சென்ட் என்பது சற்றேறக்குறைய 40 சதுர மீட்டர். ஆகவே ஒரு சென்ட் புல்லுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் வேண்டும். குழாயில் சிந்துவதும் காற்றில் சிதறுவதும் இதில் சேரவில்லை.

இனி மனிதர் கணக்கு. 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், கிராமத்தில் வாழும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்தது. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுவே. அவ்வளவுப்படி பார்த்தால் மேற்கூறிய நான்கு சென்ட் புல்தரை நாளொன்றுக்குக் குடிக்கும் 800 லிட்டர், பதினான்கு பேருடைய பங்காகும்.

மாசி முதல் வைகாசி வரை நூறு நாட்கள் என்று கொண்டால் 80,000 லிட்டர் ஆகிறது. 5,000 லிட்டர் கொள்ளும் டிராக்டர் தொட்டியில் இது 16 நடை. மழைநீரைச் சேமித்துச் சமாளிக்கலாமே என்பர் சிலர். தருமபுரி மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் அளவில் உள்ளது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் 63,000 லிட்டர்தான் கிடைக்கும். ஓராண்டு மழை முழுவதும் நான்கு சென்ட் புல்லின் நூறு நாள் தாகத்துக்குப் போதாது. வரவுக்கு மிஞ்சிய செலவு என்பது இதுவே.

அது எங்கே பிறந்த வழக்கம்?

வெட்டிச் சமன்செய்த புல்தரை இங்கிலாந்துச் செல்வர் மாளிகைகளைச் சுற்றி வளர்ந்த வழக்கம். அந்நாட்டில் வெயில் மென்மையானது. ஆண்டு முழுதும் சிறு சிறு மழை பெய்கிறது. அங்கே புல்லுக்குத் தண்ணீர் வானம் ஊற்றுகிறது. 1830-ஆம் ஆண்டில் எட்வின் பட்டிங் என்பவர் அந்நாட்டில் புல்வெட்டும் பொறியை அமைத்தார். அதன்பின் அரிவாளும் ஆட்படையும் இல்லாத நடுத்தரக் குடும்பங்களும் புல்தரை வைத்துக்கொள்ள முடிந்தது. ஆங்கிலேயர் சென்ற நாடுகளுக்கெல்லாம் அவர்களுடைய புல்தரையும் சென்றது. அவர்களுடைய மழை மட்டும் உடன் வரவில்லை.

இதன் விளைவைச் செல்வம் மிகுந்த நாடுகளும் இன்று உணர்கின்றன. அமெரிக்காவில் டென்வர் நகரத்துக் குடிநீர் நிறுவனம் 1981-ஆம் ஆண்டிலேயே, குறைந்த நீரில் தோட்டம் அமைக்கும் முறைக்குத் தனிப் பெயர் சூட்டிப் பரப்பத் தொடங்கிற்று. பாலைவன நகரமான லாஸ் வேகஸ், புல்தரையைப் பெயர்த்தெடுப்போருக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் கொடுக்கிறது. அந்நகரம் அமைந்த நெவாடா மாநிலம் 2021-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. சாலை ஓரங்களிலும் அலுவலக முகப்புகளிலும் பார்வைக்காக மட்டும் வளர்க்கும் புல்லுக்கு, 2027-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அந்நகரப் பகுதியில் கொலராடோ ஆற்றுநீரைப் பாய்ச்சலாகாது என்பது அதன் சாரம். பிள்ளைகள் விளையாடும் திடல்களுக்கு விலக்கு உண்டு. பயனுள்ள புல், பார்வைப் புல் என்று அவர்கள் பிரித்துப் பார்த்தது கவனிக்கத் தக்கது.

நம் மாவட்டத்துத் தண்ணீர்

தருமபுரி கடினப் பாறைப் பகுதி. இங்கே நிலத்தடி நீர் பாறையின் மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் வெடிப்புகளிலும்தான் தங்குகிறது. எடுத்தால் விரைவில் குறையும். நிறைவதற்கு நாள் பிடிக்கும். அதோடு, பல ஊர்களில் அந்நீரில் புளூரைடு மிகுந்துள்ளது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் அளவைக் கடந்த நீரை நெடுங்காலம் குடித்தவர்களுடைய பற்களில் கறை படிவதையும், மேலும் மிகுந்தால் எலும்புகள் தாக்கப்படுவதையும் நம் வாசகர் பலர் நேரில் கண்டிருப்பர்.

இக்கொடுமையைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியுடன் 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட அத்திட்டம், காவிரி நீரைச் சுத்திகரித்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஏற்றி அனுப்புகிறது. இத்துணைப் பொருளும் மின்விசையும் செலவிட்டு வரும் நீரில் ஒரு குடமேனும் பார்வைப் புல்லுக்குப் போவது தகுமா என்று ஒவ்வொரு சங்கமும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்ததை நாம் மறந்துவிடலாகாது. அத்தகைய ஆண்டு மறுபடியும் வரும்.

மலையும் கொறங்காடும் கற்பிப்பவை

அப்படியானால் வெறும் கட்டாந்தரையே நமக்கு விதிக்கப்பட்டதா? அன்று. சங்கத்தின் வாயிலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரியும் வத்தல்மலையே விடை கூறுகிறது.

கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், மலைவாழ் மக்கள் சாமையும் ராகியும் விளைவிப்பதோடு காப்பியும் மிளகும் பயிரிட்டு வருவதைக் காணலாம். மேலே சவுக்கு மரமெனப் பலர் அழைக்கும் சில்வர் ஓக் மரங்கள். அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடி. அடியில் உதிர்ந்த இலைகளின் மெத்தை. வெயில் நேரே மண்ணைத் தொடுவதில்லை. அவ்விலைகளை விலக்கி உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் கோடையிலும் ஈரம் தட்டும். மலையில் குளிர்ச்சி இயல்பாகவே மிகுதி என்பது உண்மை. ஆனால் நிழலும் மூடாக்கும் மண்ணின் ஈரத்தைக் காக்கும் என்ற முறை மலைக்கும் சமவெளிக்கும் பொது.

சமவெளிக்கு வேறொரு பாடமும் நம் நாட்டிலேயே உண்டு. காங்கயம், தாராபுரம், கரூர் வட்டாரங்களில் ‘கொறங்காடு’ என்னும் மேய்ச்சல் நிலங்கள் இருக்கின்றன. கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல மரமும், சுற்றிலும் முள்கிளுவை வேலியும் அமைந்தவை அவை. காங்கயம் மாடுகள் அவற்றில் மேய்ந்து வளர்கின்றன. நீர் பாய்ச்சுவோர் எவரும் இல்லை. மழை பெய்தால் புல் துளிர்க்கும். கோடையில் காய்ந்து வைக்கோல் நிறம் கொள்ளும். வேர் மட்டும் உயிரோடு காத்திருக்கும். புல்லை வெறுப்பவர் அல்லர் நம் முன்னோர். மழையோடு வாழும் புல்லை அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

செய்யத் தக்கவை

(1) நிழலை முதலில் நடுக. கட்டடத்தின் மேற்குப் புறத்திலும் தெற்குப் புறத்திலும், சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி வேம்பு, புங்கன், பூவரசு, நாவல் முதலிய மரங்களை வைக்க வேண்டும். பிற்பகல் வெயில் சுவரைத் தாக்காதபடி அவை காக்கும். பத்துக் கன்றுகளுக்குக் கன்றுக்குப் பத்து லிட்டராக வாரம் இருமுறை ஊற்றினால் வாரத்துக்கு 200 லிட்டர். ஒரு சென்ட் புல் ஒரே நாளில் குடிப்பது அவ்வளவு! கன்றுக்கு இருபுறமும் மண்பானையைப் புதைத்து நீர் நிரப்பினால் இன்னும் சிக்கனம். இரண்டு மூன்று கோடைகளைத் தாண்டிவிட்டால் மரம் தானே பிழைத்துக்கொள்ளும்.

(2) வேலிக்கு நொச்சியும் ஆடாதொடையும் போதும். ஆடுகள் இவ்விரண்டையும் தொடுவதில்லை. கம்பிவேலிச் செலவும் மிச்சம். பூவுக்கு ஆவாரை, நித்தியகல்யாணி, காகிதப்பூ ஆகியவை வெயிலில் பூப்பவை. அரளி அழகியதே எனினும் நச்சுச் செடியாதலால், கால்நடையும் குழந்தைகளும் வரும் இடத்தில் அதனை வைக்கலாகாது.

(3) தரையை மூடிவைக்க. சருகு, நிலக்கடலைத் தோல், தென்னைநார்க் கழிவு ஆகியவற்றுள் கிடைப்பதைச் செடிகளின் அடியில் மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்ப வேண்டும். தண்டை ஒட்டி ஒரு சாண் இடம் விடுதல் நன்று. கரையான் வருகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

(4) பச்சைத் தரை வேண்டுமெனில் பொடுதலையைப் படரவிடலாம். வரப்புகளிலும் குளக்கரைகளிலும் நாம் மிதித்துச் செல்லும் அச்சிறு மூலிகையின் இனத்தைக் கலிபோர்னியாவில் புல்லுக்கு மாற்றாக வளர்க்கிறார்கள். வேர் பிடிக்கும்வரை நீர் வேண்டும். பிடித்தபின் சிறிதளவு போதும். பூக்கும் காலத்தில் தேனீக்கள் வருமாதலால் வெறுங்காலுடன் நடப்போர் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடும் மூலைக்கு நம் அருகம்புல்லே ஏற்றது. கோடையில் அது பழுப்பாகும். மழை வந்ததும் மீண்டும் தளிர்க்கும்.

(5) மழையைத் தங்கச் செய்க. முற்றம் முழுவதும் சிமெண்டு பூசுவதும் கற்களை நெருக்கிப் பதிப்பதும் நீரைத் தெருவுக்கு விரட்டுவதாகும். நடைபாதைக்கு மட்டும் கற்களை இடைவெளி விட்டுப் பதித்து, கூரைநீரை மரக்குழிகளின் பக்கம் திருப்ப வேண்டும்.

(6) பயன்படுத்திய நீரை மீண்டும் பயன்படுத்துக. பாத்திரம் அலம்பிய நீரைக் கல்வாழைப் பாத்தியின் வழியாகச் செலுத்தி மரங்களுக்கு விடலாம். பாவுக்குக் கஞ்சி போட்ட பாத்திரங்களைக் கழுவும் நீரும் ஆகும். சாயப்பட்டறை நீரை மட்டும் எக்காரணத்தாலும் மண்ணில் விடலாகாது. அதிலுள்ள உப்பும் இரசாயனமும் மண்ணையும் கிணற்றையும் கெடுத்துவிடும்.

நடுவதற்கு உகந்த காலம் ஆடிக் கடைசியும் ஆவணியும். நம் மாவட்டம் இரு பருவமழைகளிலும் பங்கு பெறுவதால், அப்பொழுது நட்ட கன்று ஐப்பசி வரை வானத்து நீரிலேயே வேர் ஊன்றும்.

சில ஆட்சேபங்கள்

‘புல்தரை குளிர்ச்சி தருகிறதே’ என்பர். தரும், ஆனால் அக்குளிர்ச்சி ஆவியாகிப் போகும் தண்ணீரின் விலை. புங்க மர நிழல் தரும் குளிர்ச்சி அதனிலும் பெரிது. அதன் அடியில் அமர்ந்து பேரவைக் கூட்டமும் நடத்தலாம். ‘பிளாஸ்டிக் புல் விரித்துவிட்டால் தண்ணீரே வேண்டாமே’ என்பர் வேறு சிலர். அது வெயிலில் கால் வைக்க முடியாதபடி சுடும். நாளடைவில் நைந்து குப்பையாகும். ‘மேலதிகாரிகள் வந்தால் அழகாக இருக்க வேண்டாமா’ என்ற மூன்றாவது ஆட்சேபத்துக்கு நாமே விடை கூறக் கடமைப்பட்டவர்கள். அதிகாரிகள் புல்லைப் பாராட்டுமுன் கிணற்றை எட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்வறிவுரை மலைமேல் உள்ள விவசாயிகளுக்கும் உரியது. சாலை வசதி ஏற்பட்டபின் வத்தல்மலைக்குப் பயணிகள் வருகை பெருகியுள்ளது. தங்கும் விடுதி அமைக்க எண்ணுவோர், மரத்தை வெட்டிப் புல்தரை விரிப்பாராயின், ஊருக்குக் குடிநீர் தரும் ஊற்றையே அதற்குக் காணிக்கையாக்க நேரும். பயணி மலையேறி வருவது காப்பித் தோட்டத்தின் நிழலைக் காண்பதற்கே. புல்தரை அவன் ஊரிலேயே இருக்கிறது.

முடிவுரை

மேற்சொன்ன சங்கத்தின் நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் இப்பிரச்சினையை எடுத்துக்கொண்டது. வாதம் எளிதில் முடியவில்லை. புல் வாங்கிய பணம் வீணாகிறதே என்று ஒருவர் வருந்தியதும் நியாயமே. இறுதியில் மூன்று சென்ட் புல்லை விட்டுவிடவும், ஒரு சென்ட்டைப் பிள்ளைகளுக்காக அருகம்புல்லாக மாற்றவும், ஆவணியில் மரக்கன்றுகள் நடவும் தீர்மானித்தார்கள். தண்ணீர்ச் செலவைச் ‘சில்லறை’யில் மறைக்காமல் தனித் தலைப்பில் எழுதவும் முடிவு செய்தார்கள். நாமும் பார்வையாளர் குறிப்பேட்டில் நம் பழைய குறிப்பை அடித்துவிட்டு, அதன் கீழ், ‘தண்ணீர்க் கணக்குப் பாராமல் எழுதியது, பின்பற்றத் தக்கதன்று’ என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.

மறு சித்திரையில் சென்றபோது முகப்பு பழுப்பாகவே இருந்தது. புங்கன் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்து, புதுத் தளிர் விட்டிருந்தன. செலவுப் பேரேட்டில் டிராக்டர் தண்ணீருக்கு ஒரு சீட்டும் இல்லை.

அங்கத்தினர் கூடி விவாதிக்க வினாக்கள்

1. நம் சங்க வளாகத்தில் கோடையில் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் தரைக்குச் செலவாகிறது? அளந்து எழுதுக.

2. நம் கூரையின் பரப்பு எவ்வளவு? அதில் ஓராண்டில் விழும் மழை எத்தனை லிட்டர்? அது எங்கே போகிறது?

3. நம் வளாகத்துப் புல்லில் பயனுள்ளது எது, பார்வைக்கு மட்டும் உள்ளது எது?

4. வரும் ஆவணியில் நடத்தக்க ஐந்து மரங்கள் எவை? அவற்றுக்கு முதல் மூன்று கோடைகளில் நீர் ஊற்றும் பொறுப்பை யார் யார் ஏற்பர்? பெயர்களைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்க.